பூனைக்குச் சிறுநீர்ப் பிரச்சினை: அறிகுறியைப் பார்த்து என்ன செய்வது

பூனை மணல் தொட்டிக்குள் குந்திக் குந்தி எழுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சிறுநீர் வருகிறதா, வரவில்லையா? கல்லா, கிருமியா, பயமா, தீனியா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கொஞ்சமாவது வருகிறது என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது. வரவில்லை என்றால் முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆற்று மணலோ மரத்தூளோ போட்ட தொட்டியில் இது கண்ணுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, துடைத்த தொட்டியில் வெள்ளைத் தாள் விரித்து வையுங்கள். பூனை எழுந்ததும் தாளைப் பாருங்கள். கட்டியாகும் கடை மணல் போடுகிறவர்களுக்கு வேலை சுலபம், கட்டிகளை எண்ணினால் போதும். 4 கிலோ பூனை நாளைக்கு 2 முதல் 4 தடவை போகும். ஒவ்வொரு கட்டியும் எலுமிச்சம்பழ அளவுக்காவது இருக்கும். கோலிக்குண்டு அளவில் ஏழெட்டு கிடந்தால் பூனைக்கு வலி இருக்கிறது. வீட்டில் இரண்டு மூன்று பூனை இருந்தால் சந்தேகப்படும் பூனையைத் தனி அறையில், தனித் தொட்டியோடு வைத்தால்தான் யாருடைய கட்டி என்று தெரியும்.

## முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை

கடுவன் பூனை என்றால் இது அவசரம். இரவு 2 மணி என்றாலும் அவசரம்தான். கடுவனின் சிறுநீர்க்குழாய் நுனியில் மிகக் குறுகலானது. பொடிக் கல்லும் சளியும் கலந்த வெண்மையான பசை ஒரு சின்ன உருண்டையாகத் திரண்டாலே அடைத்துக்கொள்ளும். பெட்டைக்குக் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் முழு அடைப்பு அபூர்வம். ஆனாலும் சொட்டே வரவில்லை என்றால் பெட்டையையும் அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு நாளைத் தொலைத்துவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் மூத்திரப்பையைத் தொட்டுப் பாருங்கள்.

1. பூனையை நிற்க வைத்து, ஒரு கையால் மார்பைத் தாங்கிக்கொள்ளுங்கள்.
2. மற்றக் கையைப் பின்கால்களுக்குச் சற்று முன்னால், அடிவயிற்றுக்குக் கீழே கொண்டுபோய், கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாக மெல்ல வையுங்கள்.
3. அழுத்த வேண்டாம். காலியான பை கைக்கு அகப்படாது. பாதி நிறைந்த பை தண்ணீர் ஊற்றிய பலூன் போல நெகிழும். அடைத்த பை எலுமிச்சை முதல் சாத்துக்குடி அளவில், கல் போல இறுகி இருக்கும். கை பட்டதும் பூனை கத்தும் அல்லது கடிக்கும்.

இறுகிய பை தட்டுப்பட்டால் அதைப் பிசைந்து வெளியேற்றப் பார்க்காதீர்கள். உப்பிய பை கிழிந்துபோகும். தட்டுப்படவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம். குண்டான பூனையில் பழகிய கைக்கே தெரியாது. கடுவன் முக்குகிறது, தாள் காய்ந்திருக்கிறது என்றால் அதுவே போதும்.

ஆண்குறியின் நுனியையும் பாருங்கள். விடாமல் நக்கிக்கொண்டிருந்தால், நுனி சிவந்தோ ஊதாநிறமாகவோ இருந்தால், உப்புத் தூள் ஒட்டினாற்போல் பொடி தெரிந்தால், அடைப்பு என்றே வைத்துக்கொள்ளலாம்.

முழுதாக அடைத்த பூனை 24 மணி நேரத்துக்குள் சோர்ந்துவிடும். வெளியேற வேண்டிய கழிவும் பொட்டாசியமும் ரத்தத்தில் ஏறும். வாந்தி வரும், காது குளிரும், மூலையில் போய்ப் படுக்கும். பொட்டாசியம் ஏற ஏற இதயத் துடிப்பு தடுமாறும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். ‘முந்தாநாளிலிருந்து அடங்கிக் கிடக்கிறது, முக்குவதை நிறுத்திவிட்டது’ என்பது தேறி வருகிறதற்கு அடையாளம் இல்லை, முற்றிவிட்டது என்று பொருள்.

டாக்டரிடம் போகும் வழியில் செய்யக் கூடாதவை:

- பால், கஞ்சி, வாழைத்தண்டுச் சாறு எதையும் ஊசிக்குழலால் புகட்டாதீர்கள். வெளியேற வழியில்லாத பையில் இன்னும் நீர் சேரும், அவ்வளவுதான்.
- இளநீர் கூடவே கூடாது. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும் பொட்டாசியத்துக்கு மேல் பொட்டாசியம் ஊற்றுகிற வேலை அது.
- மனிதர்களுக்கான வலி மாத்திரை எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.

போனில் முன்கூட்டியே ‘கடுவன், யூரின் அடைப்பு, இத்தனை மணி நேரமாக’ என்று சொல்லி, கதீட்டர் (சிறுநீர்க்குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போடும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் பூனை அளவு கதீட்டர் இருக்காது. போய் நின்ற பிறகு வேறு இடம் தேடுவதில் மணிக்கணக்கு போய்விடும். தமிழ்நாட்டில் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சைப் பிரிவு உண்டு. உங்கள் ஊருக்கு அருகில் ராத்திரியில் யார் பார்க்கிறார்கள் என்பதைப் பூனை நன்றாக இருக்கும்போதே விசாரித்து எழுதி வையுங்கள்.

அங்கே ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவும் பார்ப்பார்கள், டிரிப்ஸ் ஏற்றுவார்கள், மயக்கம் கொடுத்து கதீட்டரால் அடைப்பைக் கழுவித் திறப்பார்கள். கதீட்டர் ஒன்றிரண்டு நாள் உள்ளேயே இருக்கும். அதை எடுத்த பிறகு பூனை தானாகச் சிறுநீர் கழித்ததைப் பார்த்த பின்தான் வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். ‘வீட்டுக்குப் போனால் தானாகச் சிறுநீர் போய்விடும்’ என்ற பேச்சுக்குச் சம்மதிக்காதீர்கள். மறுபடி அடைப்பது பெரும்பாலும் முதல் வாரத்தில்தான், அந்த ஏழு நாளும் ஒவ்வொரு கட்டியையும் எண்ணுங்கள்.

## அடிக்கடி போகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது

சொட்டு வருகிறது என்பதால் கடுவனுக்கு அடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. பாதி அடைப்பு சில மணி நேரத்தில் முழு அடைப்பாகலாம். கடுவனை அன்றைக்கே காட்டுங்கள். பெட்டை சாப்பிட்டுக்கொண்டு, விளையாடிக்கொண்டு இருந்தால் ஒரு நாள் பார்க்கலாம். காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்:

பயம், கலக்கம். பத்து வயதுக்குள் இருக்கும் பூனைகளில் பாதிக்கு மேல் இதுதான். கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது, மூத்திரப்பை மட்டும் புண்ணாகியிருக்கும். போன பத்து நாளில் வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள்: புதுப் பூனை, குழந்தை, வீடு மாற்றம், பெயிண்ட் வேலை, தீபாவளி வெடி, ஜன்னலுக்கு வெளியே வந்து உறுமும் தெருக் கடுவன். பூனைக்கு உயரமான ஒரு இடமும், யாரும் வராத ஒரு மறைவும், அன்றாடம் ஒரே நேரத்தில் தீனியும் கொடுங்கள். இது பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கும். அதனால்தான் எந்த மாத்திரை கொடுத்தாலும் ‘கேட்டது’ போலத் தெரிகிறது. வலிக்கு டாக்டர் தரும் மருந்தைக் கொடுங்கள், வலி பட்டால் பூனை அடக்கிக்கொள்ளும்.

பொடிக்கல்லும் கல்லும். சிறுநீர்ப் பரிசோதனையில் கிரிஸ்டல் என்று எழுதியிருந்தால் உடனே கலங்க வேண்டாம். ஆரோக்கியமான பூனையிலும் கொஞ்சம் இருக்கும். மேலும், குளிர்ப்பெட்டியில் வைத்த சிறுநீரில் கிரிஸ்டல் புதிதாகவே உருவாகும். எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் பார்த்த அறிக்கையைத்தான் நம்பலாம். கல் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயோ ஸ்கேனோதான் சொல்லும்.

கிருமி. இளம் பூனையில் அபூர்வம். பூனையின் சிறுநீர் மிகக் கெட்டியானது, கிருமி அதில் எளிதில் பெருகாது. பத்து வயது கடந்த பூனை, சர்க்கரை நோய் அல்லது சிறுநீரக நோய் உள்ள பூனை, கதீட்டர் போட்ட பூனை ஆகியவற்றில்தான் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். வயிற்றின் வழியே ஊசியால் எடுத்த சிறுநீரில் கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) பார்க்காமல் ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுப்பது வீண்.

மூத்திரப்பையில் வளரும் கட்டி. வயதான பூனைக்கு மருந்தெல்லாம் கொடுத்தும் அடங்காவிட்டால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

பரிசோதனைக்குச் சிறுநீர் பிடிக்க: தொட்டியைச் சோப்பு போட்டுக் கழுவி நன்றாக அலசிக் காயவைத்து, கழுவிய மீன்தொட்டிக் கூழாங்கற்களை ஒரு கைப்பிடி போடுங்கள். பூனை போனதும் தொட்டியைச் சாய்த்து ஊசியில்லாத சிரிஞ்சால் 5 மி.லி. உறிஞ்சி மருந்துக்கடை டப்பாவில் அடைத்து நேராகக் கொண்டுபோங்கள்.

## சிறுநீரில் ரத்தம்

வெள்ளைத் தாளில் இளஞ்சிவப்பாகப் பட்டால்கூட ரத்தம்தான். பெட்டைப் பூனைக்கு நாய் போலப் பருவ காலத்தில் ரத்தம் போகாது. ‘ஹீட்டில் இருக்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள். கருத்தடை செய்யாத பெட்டை என்றால் ரத்தம் சிறுநீரில் வருகிறதா, பிறப்புறுப்பிலிருந்து தனியாகக் கசிகிறதா என்று துடைத்துப் பாருங்கள். தனியாகக் கசிந்தால், நாற்றமடித்தால், கருப்பையில் சீழ். அன்றைக்கே போக வேண்டும்.

அடுத்தது ஈறு. உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால், தோலில் கன்றிய திட்டு இருந்தால், எலி மருந்தைத் தின்ற எலியையோ எலி மருந்தையோ பூனை சாப்பிட்டிருக்கலாம். இதுவும் அவசரம், எந்த மருந்து என்று தெரிந்தால் அட்டையை எடுத்துப் போங்கள்.

இவை இரண்டும் இல்லாமல், சிறுநீர் தடையின்றி வந்துகொண்டிருந்தால், முந்தைய பகுதியின் வரிசைதான்.

## தொட்டிக்கு வெளியே போகிறது

எங்கே, எப்படி என்று பாருங்கள். நின்றபடி வாலைத் தூக்கி நடுக்கிச் சுவரிலோ கதவிலோ பீய்ச்சினால் அது எல்லை வைப்பது. கருத்தடை செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். தரையில் குந்தி, சொட்டுச் சொட்டாகப் பல இடத்தில் போனால் வலி. குளியலறை ஓடு, சிங்க், வாஷ் பேசின் என்று குளிர்ந்த வழுவழுப்பான இடம் தேடிப் போனாலும் வலியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரே இடத்தில் பெரிய குளமாகப் போனால் தொட்டிதான் பிடிக்கவில்லை.

தொட்டிக் கணக்கு: பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல். நீளம் பூனையின் உடம்பைப் போல ஒன்றரை மடங்கு. மணல் ஆழம் 5 செ.மீ., வாசனை கூடாது. வாஷிங் மெஷின் பக்கத்தில் வைக்காதீர்கள். கட்டியைத் தினம் இரண்டு வேளை அள்ளுங்கள். வீட்டில் எதைத் துடைத்தாலும் ஃபினாயில் வேண்டாம். அது பூனைக்கு நஞ்சு, பாதத்தில் ஒட்டி நக்கும்போது உள்ளே போகும். அம்மோனியா உள்ள கிளீனரும் சிறுநீர் வாடையையே தருவதால் பூனை மறுபடி அங்கேயே போகும்.

## நிறையக் குடிக்கிறது, நிறையப் போகிறது

இது வேறு பாதை. கட்டிகள் ஆரஞ்சு அளவுக்குப் பெரிதாகி, எடையும் குறைந்தால் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு என்று பார்க்க வேண்டும். காலையில் அளந்து ஊற்றி மறுநாள் காலையில் மிச்சத்தை அளங்கள். 4 கிலோ பூனை பாத்திரத்திலிருந்து மட்டும் 200 மி.லி.க்கு மேல் குடித்தால் அந்த வாரமே ரத்தமும் சிறுநீரும் பரிசோதியுங்கள். ஈரத் தீனியிலிருந்து உலர் தீனிக்கு மாற்றியிருந்தால் குடிப்பது கூடும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘யூரினரி’ என்று எழுதிய தீனிப் பாக்கெட்டை இந்தப் பூனைக்கு நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். சிறுநீரை அமிலமாக்கும்படியும், சிலவற்றில் உப்பு சற்றுக் கூடுதலாகவும் செய்திருப்பார்கள். சிறுநீரகம் பழுதான பூனைக்கு அது ஒத்துவராது.

## சரியாகிச் சரியாகித் திரும்ப வருகிறது

இங்கே பார்க்க வேண்டியது தீனித் தட்டைத்தான். சிறுநீர் கெட்டியாக இருக்கும்வரை எந்த மருந்தும் நிலைக்காது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4 கிலோ வீட்டுப் பூனைக்குத் தீனியும் தண்ணீரும் சேர்த்து நாளைக்குச் சுமார் 200 மி.லி. நீர் தேவை. அதற்கு வேண்டிய சுமார் 200 கிலோ கலோரியை உலர் தீனியில் கொடுத்தால் 55 கிராம், அதில் உள்ள நீர் 5 மி.லி. மீதி 195ஐயும் அது குடிக்க வேண்டும், பூனை குடிக்காது. அதே கலோரியை ஈரத் தீனியில் கொடுத்தால் சுமார் 250 கிராம், அதாவது 85 கிராம் பவுச் மூன்று. நீர் 200 மி.லி. அதிலேயே வந்துவிடும். பவுச்சுக்கு பவுச் கலோரி மாறும், அட்டையைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

மூன்று பவுச்சுக்குக் கட்டுப்படியாகாது என்றால்: ஒரு பவுச், மீதி உலர் தீனி. இரண்டிலும் வெந்நீர் ஆறிய சூட்டில் ஊற்றுங்கள். பவுச்சுக்கு 2 மேசைக்கரண்டியில் தொடங்கி, பூனை ஏற்றுக்கொண்டால் கூட்டுங்கள். உலர் தீனியை அதன் அளவு நீரில் ஊறவையுங்கள். நம் ஊர் வெயிலில் ஊறிய தீனி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, புளித்துவிடும். அதனால் நாளைக்கு நான்கு சிறு வேளையாகக் கொடுப்பது நல்லது.

வீட்டுச் சாப்பாட்டில் வழக்கமாக இருக்கும் தவறுகள்:

தயிர் சாதம், பால் சாதம். இறைச்சி தின்னும் பூனையின் சிறுநீர் இயல்பாகவே சற்று அமிலமாக இருக்கும். சோறும் தானியமுமே தீனியானால் அது அமிலத்துக்கு எதிரான காரத்தன்மைக்கு மாறும். காரமான சிறுநீரில்தான் மெக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து ஸ்ட்ருவைட் என்ற கல்லாகப் படியும். இது தவிர, பூனைக்கு அத்தியாவசியமான டாரின் என்ற சத்து சோற்றில் இல்லவே இல்லை.

கருவாடு, நெத்திலி, மீன் தலை. எலும்போடு போவதால் தாது உப்பு மிகுதி, கருவாட்டில் கறி உப்பும் சேரும். ஒரு முறை அடைத்த பூனைக்கு இவற்றை அடியோடு நிறுத்துங்கள். பூனை இரண்டு நாள் கத்தும். மூன்றாம் நாள் பசியில் சாப்பிடும் என்று பட்டினி மட்டும் போடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரல் கெட்டுவிடும். ஒரு வாரத்தில் புதுத் தீனியைக் கால், அரை, முக்கால், முழுது என்று கூட்டி மாற்றுங்கள்.

குழம்பிலிருந்து எடுத்த கறி. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். தனியாக 100 கிராம் எலும்பில்லாக் கோழியை 150 மி.லி. நீரில், உப்பு மஞ்சள் எதுவும் இல்லாமல் வேகவைத்து, அந்தச் சாற்றைத் தீனியில் ஊற்றுங்கள். நீர் உள்ளே போக இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் வெறும் கோழிக்கறி முழு உணவு ஆகாது, கால்சியம் இல்லை. பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் டாக்டரிடம் கேட்டுச் சத்து சேர்க்க வேண்டும்.

தண்ணீர்ப் பாத்திரம் அகலமாக, மீசை இடிக்காததாக இருக்கட்டும். விளிம்புவரை ஊற்றி, வீட்டில் மூன்று இடத்தில், தீனித் தட்டுக்கும் மணல் தொட்டிக்கும் தள்ளி வையுங்கள். போர்வெல் தண்ணீரால்தான் கல் வருகிறதா என்ற கேள்வி அடிக்கடி வரும். உப்புத் தண்ணீரைப் பூனை குறைவாகக் குடிக்கும், அதுதான் முதல் கெடுதல். எந்தத் தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கிறதோ அதை வையுங்கள்.

கல் இருப்பது உறுதியானால் எந்தக் கல் என்பதுதான் சிகிச்சையை முடிவு செய்யும். ஸ்ட்ருவைட் என்றால் டாக்டர் எழுதும் சிறப்புத் தீனியில் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் கரையும், எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்க்க வேண்டும். அந்த நாட்களில் வேறு எதுவும் கூடாது. தினமும் ஒரு துண்டு மீன் போட்டால் கரைவது நின்றுவிடும். கடுவனில் கரையும் கல் சிறுத்து குழாயில் வந்து சிக்கலாம், முதல் பகுதியை நினைவில் வையுங்கள். கால்சியம் ஆக்சலேட் என்ற வகைக் கல் எந்தத் தீனியிலும் கரையாது, அறுவைதான். எடுத்த கல்லை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தூக்கிப் போட்டுவிட்டால் அடுத்து எந்தத் தீனி என்று யாராலும் சொல்ல முடியாது. எலுமிச்சைச் சாறு, வினிகர், வைட்டமின் சி என்று வீட்டில் அமிலம் சேர்ப்பதும் வேண்டாம். ஸ்ட்ருவைட்டைத் தடுக்கப் போய் ஆக்சலேட்டுக்கு வழி திறந்துவிடும்.

வேலை நடக்கிறதா என்று அறிய, சிறுநீர் அறிக்கையில் அடர்த்தி எண்ணை (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) பாருங்கள். 1.035க்குக் கீழே இறங்கினால் நல்லது. வீட்டில் கட்டி பெரிதாகி, மஞ்சள் வெளுத்தால் அதுவே சான்று.

இத்தனையும் செய்தும் கடுவன் மூன்றாம் முறை அடைத்தால், குறுகிய நுனியை நீக்கி வழியை அகலமாக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். செலவும் அதிகம், பழகிய கையும் வேண்டும், இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். புண் ஆறும் இரண்டு வாரம் மணல் போடாமல் கிழித்த செய்தித்தாள் போடுங்கள், நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பைக் கழற்றக் கூடாது. வழி அகலமானாலும் கல் உருவாவது நிற்காது, அதனால் ஈரத் தீனி அப்படியே தொடரும். கிருமி ஏற இப்போது வழி சுலபம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கல்ச்சரும் சேர்ந்துகொள்ளும்.